180ஆம் நாளும் ஒரு மார்கழியும்: கிரீன் கார்டு நிலுவையில் இருக்கும்போது வேலை மாறுவது

டாலஸை ஒட்டிய இர்விங்கில் வசிக்கும் நண்பர் வீட்டுச் சமையலறையில் தமிழ் தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். ஊருக்குப் போய் வருகிற யாருடைய பெட்டியிலாவது வருடந்தோறும் அது வந்து சேர்ந்துவிடும். 2022இல் டிசம்பர் 17ஆம் தேதித் தாளை மட்டும் அவர் முன்கூட்டியே தேடிப்பிடித்து, ஓரத்தை மடித்து வைத்திருந்தார். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கி வேலை செய்ய உதவும் கிரீன் கார்டுக்காக அவர் போட்ட ஐ-485 விண்ணப்பம் போய்ச் சேர்ந்து அன்றோடு 180 நாள்; அதன் பிறகு வேலை மாறினாலும் விண்ணப்பம் செல்லும். புதிய கம்பெனியின் வேலை உத்தரவு ஏற்கெனவே கையில் இருந்தது. தொலைபேசியில் விஷயத்தைக் கேட்ட அம்மா, "மார்கழி இரண்டாம் தேதியா? தை பிறக்கட்டும், அப்புறம் சேர்ந்துகொள்" என்றார்.

வக்கீலும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்; காரணம்தான் வேறு. அமெரிக்கக் குடியேற்றத் துறை அனுப்பும் ரசீதில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று விண்ணப்பம் அலுவலகத்துக்கு வந்த நாள், மற்றொன்று ரசீது அச்சான நாள். கணக்கு முதல் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் நாள் எண்ணுவதில் பிழை வராத மனிதர் கிடையாது. ராஜினாமாக் கடிதத்தின் தேதி, கடைசிச் சம்பளத்தின் தேதி, பழைய கம்பெனி தன் மனுவைத் திரும்பப் பெறும் தேதி எல்லாமே ஒரு கோட்டின் மேல் வந்து நின்றால் பின்னாளில் பதில் சொல்ல வேண்டியவர் விண்ணப்பதாரர்தான். சில வாரம் தள்ளிப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. அம்மாவும் வக்கீலும் ஒரே பக்கம் நின்ற அபூர்வ சந்தர்ப்பம் என்று நண்பர் இன்றைக்கும் சொல்வார்.

அந்த 180 நாள் எங்கிருந்து வந்தது, அது யாருக்குப் பயன்படுகிறது, யாருக்குப் பயன்படுவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் மூன்று தாள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலை வழியாக வரும் கிரீன் கார்டில் முதல் தாள் பெர்ம் என்கிற தொழிலாளர் சான்று. இந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று விளம்பரம் செய்து பார்த்த பிறகு, கம்பெனி தொழிலாளர் துறையிடம் வாங்குவது. இரண்டாவது ஐ-140. இந்த நபரை இந்த வேலையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்புகிறோம், சம்பளம் கொடுக்க எங்களால் முடியும் என்று கம்பெனி குடியேற்றத் துறையிடம் போடும் மனு. மூன்றாவது ஐ-485. இது ஒன்றுதான் தொழிலாளி தன் பெயரில், தன் கையெழுத்தில் போடும் விண்ணப்பம். முதல் இரண்டும் கம்பெனியின் சொத்து. வேலை மாறுவதில் உள்ள சிக்கல் எல்லாம் இந்த உரிமைப் பிரிவினையிலிருந்தே கிளைக்கிறது. காத்திருப்பது மனிதர், காகிதமோ முதலாளியுடையது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சட்டத்தின் கண்ணில் கிரீன் கார்டு என்பது எதிர்காலத்தில் செய்யப்போகும் வேலைக்கானது. இன்றைக்கு நீங்கள் அந்தக் கம்பெனியில் என்ன செய்கிறீர்கள் என்பது இரண்டாம்பட்சம். கார்டு கிடைத்ததும் அந்த வேலையைத் தர அவர்களுக்கும், செய்ய உங்களுக்கும் உண்மையான எண்ணம் இருக்கிறதா என்பதே கேள்வி. ஆறு மாதத்தில் முடியும் காரியத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. பத்து, பன்னிரண்டு வருடம் இழுக்கும்போது, பிள்ளை பிறந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வரை ஒரே பதவியின் மேல் எண்ணம் மாறாமல் இருக்கச் சொல்வது போலாகிவிடுகிறது.

ஏன் இழுக்கிறது? வேலை வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்தான். தொழிலாளியின் மனைவி, பிள்ளைகளும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொது விதி. நாடு என்பது குடியுரிமையைப் பொறுத்ததல்ல, பிறந்த இடத்தைப் பொறுத்தது. மதுரையில் பிறந்தவர் ஆஸ்திரேலியக் குடிமகன் ஆனாலும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கோ பினாங்கில் பிறந்தவருக்கோ அந்த வரிசை கிடையாது. ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருக்கும் இரண்டு தமிழர்களில் ஒருவர் சில ஆண்டுகளில் கார்டு வாங்கிவிட, மற்றவர் அப்போதுதான் காத்திருக்கத் தொடங்கியிருப்பார். கணவன் மனைவியில் ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மற்றவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்ள விதி இடம் தருகிறது. இது தெரியாமலே இந்திய வரிசையில் காலம் கழிக்கும் தம்பதிகள் உண்டு.

இனி வேலை மாறும் கேள்விக்கு வருவோம். மாறலாமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தத் தாள் எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பதுதான் பதிலைத் தீர்மானிக்கிறது.

பெர்ம் நிலுவையில் இருக்கும்போது மாறினால் ஒன்றும் மிஞ்சாது. புதிய இடத்தில் முதலிலிருந்து ஆரம்பம். ஐ-140 ஒப்புதல் ஆகிவிட்டால் நிலைமை வேறு. பெர்ம் தாக்கல் செய்த நாளே வரிசையில் உங்கள் இடம். பிரையாரிட்டி டேட் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஒப்புதலான ஐ-140 மோசடியோ பெரும் பிழையோ காரணமாக ரத்தாகாத வரை அந்த இடம் உங்களுடையது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். ஆனால் இடம் மட்டும்தான் வரும். புதிய கம்பெனி பெர்ம், ஐ-140 இரண்டையும் தன் செலவில் மறுபடி போட வேண்டும். பெர்ம் மட்டுமே ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கிறது. ஐ-140க்குக் கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும்; பெர்முக்கு அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது.

இந்தக் கட்டத்திலும் ஒரு 180 நாள் இருக்கிறது. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். 2017 ஜனவரி 17இல் அமலுக்கு வந்த விதியின்படி, ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், பழைய கம்பெனி கோபத்தில் அதைத் திரும்பப் பெற்றாலும் ஒப்புதல் தானாக ரத்தாகாது. தற்காலிக வேலைக்கான எச்-1பி விசாவின் ஆறு வருட வரம்பைத் தாண்டி மும்மூன்று வருடமாக நீட்டித்துக்கொள்ள அதுவே ஆதாரமாக இருக்கும். 180 நாளுக்கு முன்பே திரும்பப் பெற்றால் வரிசை இடம் தப்பும், நீட்டிப்புக்கான ஆதாரம் போய்விடும். ஆகவே ஒப்புதல் வந்த மறுவாரமே ராஜினாமா செய்கிறவர் தன் ஆறு வருடக் கணக்கில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

நண்பர் காலண்டரில் மடித்தது இரண்டாவது 180. ஐ-485 நிலுவையில் 180 நாள் இருந்துவிட்டால், அதே வகையான அல்லது ஒத்த வகையான வேலைக்கு மாறலாம். பழைய கம்பெனியின் ஐ-140 புதிய வேலைக்கும் செல்லும். பெர்ம் வேண்டாம், புதிய மனு வேண்டாம். பெர்ம் ஒரு குறிப்பிட்ட ஊருக்கானது. இந்த மாற்றத்துக்குப் பிறகு ஊர்க் கட்டுப்பாடும் போய்விடும். டாலஸுக்குப் போட்ட மனுவை வைத்துக்கொண்டு சியாட்டிலுக்குப் போகலாம். சொந்தத் தொழில்கூடச் செய்யலாம், அது உண்மையான தொழிலாகவும் ஒத்த வகையாகவும் இருந்தால்.

இது 2000 அக்டோபர் 17இல் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தில் வந்தது. கணினித் துறை ஆள் தேடி அலைந்த காலம். அன்று ஐ-485 தாமதமானதற்குப் பெரிய காரணம் அலுவலகத்தின் மெத்தனம். கோப்பு மேசையில் தூங்குவதற்குத் தொழிலாளி ஏன் பிணையாக இருக்க வேண்டும் என்ற நியாயத்தில்தான் அந்த 180 நாள் பிறந்தது. ஆனால் ஐ-485 போடவே, வரிசையில் உங்கள் தேதி வர வேண்டும். இந்தியாவில் பிறந்தவருக்கு அது வர பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தேதி வந்து விண்ணப்பித்தால் முடிவும் பக்கத்தில்தான் இருக்கும். ஆக, சுதந்திரம் தரும் கதவு தாழ்வாரத்தின் கடைசியில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கதவு இந்தியர்களுக்கு முன்கூட்டித் திறந்ததெல்லாம், நான் பார்த்தவரை, யாரும் திட்டமிடாத விபத்துகளில்தான்.

முதல் விபத்து 2007 ஜூலை. வரிசை எந்தத் தேதி வரை வந்திருக்கிறது என்று அரசு மாதந்தோறும் வெளியிடும் அறிவிப்பான விசா புல்லட்டின், அந்த மாதம் ஏறக்குறைய எல்லா வேலைப் பிரிவுகளையும் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் விடுப்பு எடுத்து, மருத்துவப் பரிசோதனை முடித்து, ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவழைத்துக் கோப்பு கட்டினார்கள். ஜூலை 2ஆம் தேதி, விசா எண்கள் தீர்ந்துவிட்டன, யாரும் அனுப்ப வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. வழக்குகள் ஒருபுறம் கிளம்ப, இன்னொரு புறம் இந்தியர்கள் காந்தி வழி என்று சொல்லிக் குடியேற்றத் துறையின் அப்போதைய இயக்குநர் எமிலியோ கொன்சாலஸுக்குப் பூங்கொத்துகளாக அனுப்பிக் குவித்தார்கள். அவர் அவற்றைக் காயமுற்ற ராணுவத்தினர் இருந்த வால்டர் ரீட் மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார். ஜூலை 17இல் அரசு இறங்கிவந்து, ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை ஏற்றது. பிறகு வரிசை பின்னுக்குப் போய்விட, அப்போது விண்ணப்பித்தவர்கள் வருடக்கணக்கில் நிலுவையில் கிடந்தார்கள். ஆனால் 180 நாள் தாண்டியவர்களாக, வேலை மாறும் உரிமையோடு கிடந்தார்கள்.

இரண்டாவது, கொரோனா. தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் குடும்ப வழி விசாக்கள் மிஞ்சி, சட்டப்படி அடுத்த நிதியாண்டில் வேலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தன. 1,40,000 இருந்த இடத்தில் 2021 நிதியாண்டில் 2,60,000க்கு மேல், 2022இல் 2,80,000க்கு மேல். இந்தியர்களுக்கான இரண்டாம் பிரிவு, அதாவது மேற்படிப்பு தேவைப்படும் வேலைகளுக்கான வரிசை, 2022 கோடையில் 2014 டிசம்பர் வரை பாய்ந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் எண்கள் தீர்ந்தன. அக்டோபரில் வரிசை 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கியது. நண்பரின் தேதி 2014 மார்ச். ஜூனில் உள்ளே நுழைந்தவர் அக்டோபரில் நடுவழியில் நின்றார். 2025 முடியும்போதும் அந்தப் பிரிவு 2013ஐத் தாண்டவில்லை. கார்டு வரவில்லை, காலண்டர் தாளை மடிக்கும் வாய்ப்பு வந்தது.

ஒத்த வகை என்றால் என்ன? இதில்தான் ஆட்கள் தூக்கத்தை இழக்கிறார்கள். அமெரிக்க அரசு எல்லாத் தொழில்களையும் எண் போட்டு வகைப்படுத்தி வைத்திருக்கிறது. 2018 பதிப்பில் 867 தொழில்கள். மென்பொருள் உருவாக்குபவர் 15-1252, தரம் பார்ப்பவர் 15-1253. எண் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வேறாக இருந்தாலும் கதை முடிந்துவிடாது. செய்யும் பணி, தேவைப்படும் படிப்பு, திறமை, சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2016 மார்ச்சில் குடியேற்றத் துறை வழிகாட்டுதல் தந்தது. நண்பரின் 2014ஆம் வருடத்து பெர்மில் இருந்த எண் 15-1132. அந்த எண்ணே இப்போது வழக்கத்தில் இல்லை. 2018 பதிப்பில் அதையும் இன்னொன்றையும் சேர்த்து 15-1252 ஆக்கிவிட்டார்கள். மனிதர் வரிசையில் நிற்கும்போதே அவருடைய தொழிலின் பெயர் மாறிவிட்டது.

அவர் போகவிருந்த வேலையோ மேலாளர் பதவி, எண் 11-3021. முதல் இரண்டு இலக்கமே வேறு. ஆனால் தான் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்கிறவர்களையே ஒருவர் மேற்பார்வை பார்க்கப் போகிறார் என்றால், அது இயல்பான தொழில் வளர்ச்சி என்று அந்த வழிகாட்டுதல் ஏற்கிறது. பத்து வருடம் ஒருவர் பதவி உயர்வே இல்லாமல் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது அபத்தம் என்பதைத் துறையும் புரிந்துகொண்டிருக்கிறது. சம்பளம் இரண்டு மடங்கானால் கேள்வி வரலாம். எட்டு வருட இடைவெளியும் ஊர் மாற்றமும் அதற்குப் பதில் சொல்லும். மென்பொருள் எழுதியவர் உணவகம் நடத்தப் போனால் பதில் கிடைப்பது கஷ்டம்.

இதையெல்லாம் தெரிவிப்பதற்கு ஐ-485இன் துணைப் படிவம் ஒன்று உண்டு, பெயர் சப்ளிமெண்ட் ஜே. புதிய கம்பெனி பதவி, தொழில் எண், பணி விவரம், சம்பளம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சேர்ந்த கையோடு அனுப்புகிறவர்களும் உண்டு, துறை கடிதம் போட்டுக் கேட்கும் வரை காத்திருப்பவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. கேட்கும் நாளில் நீங்கள் அதே கம்பெனியில் இருப்பீர்கள் என்பதற்கோ, கடிதம் சரியான முகவரிக்கு வரும் என்பதற்கோ உத்தரவாதம் இல்லை.

பழைய முதலாளி செய்த தவறு பின்னால் துரத்தி வருமா? வரும். பழைய கம்பெனி மனுவைத் திரும்பப் பெறுவதைப் பற்றி 180 நாளுக்குப் பிறகு பயம் தேவையில்லை. மோசடி என்று அரசே ரத்து செய்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நியூயார்க்கில் உள்ள இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதைத்தான் தொட்டது. ஒரு பெண் விதிப்படி வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். அவருடைய பழைய கம்பெனியின் தலைவர், வேறு யாரோ ஒரு பணியாளருக்காகப் போட்ட மனுவில் மோசடி செய்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். உடனே அந்தக் கம்பெனியின் மனுக்கள் எல்லாம் சந்தேகத்துக்கு ஆளாயின. விளக்கம் கேட்டு அரசு நோட்டீஸ் அனுப்பியது, அந்தக் கம்பெனிக்கே. விட்டுப் போன ஒருவருக்காக எந்தக் கம்பெனி பதில் சொல்லும்? மனு ரத்தானது; மாறிப்போன பெண்ணுக்கோ அவருடைய புதிய முதலாளிக்கோ ஒரு வரி தகவல் போகவில்லை. மாற்றத்தைச் சட்டம் அனுமதித்த பிறகு, நோட்டீஸை மட்டும் பழைய முகவரிக்கு அனுப்புவது அந்தச் சட்டத்துக்கே பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது. 2017 நவம்பரில், இப்படி முறைப்படி மாறியவர்களும் பாதிக்கப்பட்ட தரப்பினர்தான், அவர்களுக்கும் நோட்டீஸ் போக வேண்டும் என்று துறையின் மேல்முறையீட்டுப் பிரிவு ஏற்றுக்கொண்டது. முதலாளியின் காகிதத்தில் தொழிலாளிக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஏற்க, சட்டம் வந்து 17 வருடம் ஆகியிருக்கிறது.

மாறும்போது எந்த அனுமதியில் வேலை செய்வது என்பது அடுத்த முடிச்சு. ஐ-485 போட்டவருக்கு ஈஏடி என்கிற வேலை அனுமதி அட்டை கிடைக்கும். புதிய கம்பெனிக்கு அதைக் காட்டினால் போதும், எச்-1பி வேண்டாம். கம்பெனிகளுக்கும் அதுதான் சுலபம், செலவில்லை. ஆனால் எச்-1பியைக் கைவிட்டால், ஐ-485 ஏதோ காரணத்தால் நிராகரிக்கப்படும் நாளில் காலுக்குக் கீழே தரை இருக்காது. ஊருக்குப் போகவும் தனி அனுமதி வேண்டும். அட்வான்ஸ் பரோல் கையில் இல்லாமல் விமானம் ஏறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். எச்-1பியைத் தக்கவைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்பா மருத்துவமனையில் என்று இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வரும்போது இந்த வித்தியாசம் புரியும். குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவியின் நிலையும் கணவனின் எச்-1பியைச் சார்ந்தது. அவருக்கும் ஐ-485 வழியாகத் தனி ஈஏடி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மாறுவதே முறை. ஈஏடியின் ஆயுளும் நிலையானதல்ல: 2023இல் ஐந்து வருடமாக்கினார்கள், 2025 டிசம்பரில் 18 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். புதுப்பிக்க விண்ணப்பித்தாலே பழைய அட்டை தானாக நீளும் வசதியையும் அதற்குச் சற்றுமுன் எடுத்துவிட்டார்கள். புதுப்பித்தல் தாமதமானால் வேலையை நிறுத்த வேண்டிவரும் என்பதால், முடிந்தவர்கள் எச்-1பியை விடாமல் வைத்திருக்கிறார்கள். கட்டணம் கசந்தாலும் அதுதான் என் கணக்கிலும் சரி.

நண்பர் 2023 ஜனவரி 17, தை மூன்றாம் தேதி சேர்ந்தார். அதே வாரத்தில் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் கூகுள் 12,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. எச்-1பியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி மனு போட வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். ஐ-485 நிலுவையில் இருப்பவருக்கு அந்தக் கடிகாரம் ஓடுவதில்லை. வேலை போனாலும் நாட்டில் இருக்கலாம், தேடலாம். முடிவு வரும் நேரத்தில் ஒத்த வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும், அவ்வளவே. வரிசையில் இன்னும் தேதி வராதவருக்கு நிலைமை மோசம். ஆட்குறைப்பு செய்த கம்பெனி அடுத்த ஆறு மாதத்துக்குள் அதே தொழிலில் பெர்ம் போடுவதானால், தான் நீக்கிய அமெரிக்கத் தொழிலாளிகளை அழைத்துக் கேட்க வேண்டும். கேட்பதைவிடப் போடாமல் இருப்பது மேல் என்று பல கம்பெனிகள் பெர்மையே நிறுத்திவைத்தன.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜினாமா செய்ததும் கிரீன் கார்டுச் செலவைத் திருப்பிக் கொடு என்று பில் நீட்டும் கம்பெனிகள் உண்டு. பெர்முக்கான வக்கீல் கட்டணமும் விளம்பரச் செலவும் முதலாளியுடையவை. 2007 ஜூலையிலிருந்து அவற்றைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்பது விதி. ஐ-485 கட்டணம் அப்படியல்ல. சேரும்போது என்ன எழுதிக்கொடுத்தீர்கள் என்று ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் கையில் சேர்த்துக்கொள்ள வேண்டியவை அந்தப் பழைய தாள்களின் நகல்கள். ஐ-140 ஒப்புதல் கடிதம் கம்பெனிக்கோ அதன் வக்கீலுக்கோதான் போகும். கேட்டால் சிலர் தருவார்கள், சிலர் இது எங்கள் ஆவணம் என்பார்கள். தகவல் உரிமைச் சட்டப்படி அரசிடமே கேட்டு வாங்கலாம், காத்திருக்க வேண்டும். பெர்ம் நகல் அதைவிட முக்கியம். புதிய வேலை பழைய வேலையை ஒத்தது என்று காட்ட, பழைய வேலையின் விவரம் அதில்தான் இருக்கிறது. நண்பர் 2014இல் கையெழுத்துப் போட்ட அன்றே ஒரு பிரதி எடுத்து, திருமணப் பத்திரிகையோடு அதே உறையில் வைத்திருந்தார். சப்ளிமெண்ட் ஜே நிரப்ப அதைக் கொண்டுபோய்ப் புதிய கம்பெனியின் மனிதவள அதிகாரியிடம் கொடுத்தார். பணி விவரம் நாலே வரி. அந்தப் பெண் இரண்டு முறை படித்துவிட்டு, அதில் எழுதியிருந்த மென்பொருளைக் காட்டி இது என்ன என்று கேட்டாராம்.